பின் சேர்ந்தால் போதுமா?

(ஸ்டுடியோ ஆடியோ இன்டர்ஃபேஸில் பழைய கருவிகளையும் புதிய கருவிகளையும் இணைப்பது பற்றி)

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை, சந்தவாசல்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எல்லாரையும் போல ஒரு கவிதை எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வருடம் ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. படித்துவிட்டு ஒரே ஒருவராவது அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

எங்கள் ஊர் சந்தவாசல். ஜவ்வாது மலை அடிவாரம். ஆடி மாதத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். என் அம்மாவின் அப்பா கூத்துக்காரர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் கர்ணன் வேஷம் கட்டுவார். 1991-ல் ஒரு திருவிழாவில் அவர் ஆடிய கர்ண மோட்சத்தை யாரோ ஒரு டூ-இன்-ஒன்னில் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு 90 நிமிட கேசட். தாத்தா நான் ஐந்தாவது படிக்கும்போது தவறிப்போனார். அவர் குரல் என்று வீட்டில் இருப்பது அந்தக் கேசட் மட்டும்தான்.

"நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுடா" என்றார் அம்மா. இதென்ன பெரிய விஷயம் என்று டூ-இன்-ஒன்னின் இயர்போன் ஓட்டையில் ஒரு ஈபி பின்னைச் சொருகி, மறுமுனையை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகினேன். வால்யூமை முழுக்கத் திருப்பி ரெக்கார்டிங் போட்டேன். கேட்டுப் பார்த்தால் தாத்தா குரல் தகரத்தைக் கிழிப்பது மாதிரி இருந்தது. சரி, இன்னொரு தரம் போடலாம் என்று டேப்பைத் திரும்ப ஓட்டினேன். பழைய பிளேயர், ரப்பர் ரோலர் கெட்டித்துப் போயிருக்கிறது. டேப்பை இழுத்துச் சுற்றிக் கசக்கிவிட்டது. கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போர்க்களம் போகிற இடத்தில் இரண்டு நிமிடம் போயே போய்விட்டது.

எங்கள் ஊர் மைக் செட் அண்ணனிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இன்னா தம்பி, பின்னு உள்ள போயிட்டா வேல முடிஞ்சிடுச்சா?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். ஆடியோ இணைப்புக்கு மூன்று பொருத்தம் பார்த்தால் போதும்: லெவல், கிரவுண்ட், கிளாக். பின் பொருந்துகிறதா என்பது இந்த மூன்றுக்கும் அப்புறம்தான்.

இன்டர்ஃபேஸ் என்பது என்ன?

ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் வாசல்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ். உள்ளே மைக் ப்ரீஆம்ப் இருக்கும். அதற்கடுத்து நாம் படித்த ஏ.டி.சி. இருக்கும்; அது அலையை எண்ணாக மாற்றும். திரும்பக் கேட்பதற்கு டி.ஏ.சி. இருக்கும். யு.எஸ்.பி. வழியாக எண்கள் போய்வரும். ஒரு சிகரெட் பெட்டி அளவில் இரண்டு சானல் கொண்டதும் உண்டு. ஸ்டுடியோக்களில் ரேக்கில் மாட்டுகிற மாதிரி பல சானல் கொண்டதும் உண்டு. அடிப்படை ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் எங்கே கண்ணில் பட்டது என்றால் கோடம்பாக்கத்தில்தான். ஒரு காலத்தில் பெரிய கூடத்தில் வாத்தியக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தால்தான் சினிமாப் பாட்டு. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1992-ல் வந்த 'ரோஜா' பாடல்கள் அங்கே உருவானவை. கீபோர்டு, சாம்ப்ளர், சீக்வென்சர், மைக், டேப் என்று இப்படி ஆளுக்கொரு பாஷை பேசுகிற கருவிகளை ஒரே இடத்தில் பேச வைப்பது அங்கே வேலை செய்கிற சவுண்ட் இன்ஜினியரின் அன்றாடப் பாடு. அன்று பெரிய ஸ்டுடியோவில் இருந்த அந்தப் பாடு இன்று ஒரு லேப்டாப்பும் ஒரு சின்னப் பெட்டியும் வைத்திருக்கிற நம் எல்லாருக்கும் வந்துவிட்டது.

முதல் பொருத்தம்: லெவல்

ஒவ்வொரு கருவியும் எத்தனை வோல்ட் கொடுக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். கீழே உள்ளதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்:

– மைக்: சில மில்லிவோல்ட் மட்டுமே.
– கிராமபோன் பிளேயரின் காந்த கார்ட்ரிட்ஜ்: சுமார் 5 மில்லிவோல்ட்.
– வீட்டு டேப் டெக், சி.டி. பிளேயர் வகை லைன் அவுட்: மைனஸ் 10 டி.பி.வி., அதாவது 0.316 வோல்ட்.
– ஸ்டுடியோ மிக்சர் போன்ற தொழில்முறைக் கருவி: பிளஸ் 4 டி.பி.யூ., அதாவது 1.228 வோல்ட்.
– ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்: 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட். மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் குழாய் ஸ்பீக்கருக்குப் போகிற லைன் 70 வோல்ட், 100 வோல்ட் வரை இருக்கும்!

இப்போது என் தப்பு புரிகிறதா? சில மில்லிவோல்ட் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற மைக் ஓட்டைக்குள் வால்யூமை முழுக்கத் திருப்பி வைத்த இயர்போன் அவுட்டை விட்டேன். அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு சைன் வேவ் எல்லாம் ஸ்கொயர் வேவ் மாதிரி ஆகிவிட்டது. லேபில் சி.ஆர்.ஓ.வில் கிளிப்பர் சர்க்யூட் பார்த்தோமே, அதேதான். டேப்பில் லெவல் ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஜீரோ டி.பி.எஃப்.எஸ். என்பது சுவர். அதைத் தாண்டியது எதுவும் பதிவாகாது. வெட்டுப்பட்ட அலையைப் பிற்பாடு எந்த சாஃப்ட்வேராலும் முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வீட்டு லெவலுக்கும் ஸ்டுடியோ லெவலுக்கும் வித்தியாசம் எவ்வளவு? 1.228-ஐ 0.316-ஆல் வகுத்தால் 3.89. அதற்கு லாக் எடுத்து 20-ஆல் பெருக்கினால் சுமார் 11.8 டெசிபல். ஆகவே வீட்டு டெக்கை தொழில்முறை இன்புட்டில் விட்டால் 12 டெசிபல் குறைவாகக் கேட்கும். தலைகீழாக விட்டால் வெடிக்கும். பல இன்டர்ஃபேஸ்களில் இதற்கென்றே ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது இல்லாவிட்டால் கெய்ன் குமிழைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

எவ்வளவு லெவலில் பதிவு செய்வது? மிக உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 12-ஐத் தொட்டால் போதும். "லெவலை வீணாக்குறோமே" என்று கவலைப்படாதீர்கள். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் கணக்கு. 24 பிட்டில் 12 டெசிபல் விட்டுக்கொடுத்தால் போவது 2 பிட். மிச்சம் 22 பிட் இருக்கிறது. எந்தக் கேசட்டின் இரைச்சலும் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

இதோடு சேர்த்து இம்பிடன்ஸையும் பார்க்க வேண்டும். அனலாக்கில் கொடுக்கிற பக்கம் இம்பிடன்ஸ் குறைவாகவும், வாங்குகிற பக்கம் குறைந்தது பத்து மடங்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். எலக்ட்ரிக் கிடார் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் வரை கேட்கும். அதற்குத்தான் இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்று ஒரு பட்டன். கிராமபோன் கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோ ஓம். அத்துடன் அந்த இசைத்தட்டுகளில் கீழ்ச்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்கிற ஃபோனோ ப்ரீஆம்ப் நடுவில் இல்லாவிட்டால் பாட்டு ஈயம் பூசாத பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி கீச்சென்று இருக்கும்.

இன்னொரு விஷயம். இப்போது வருகிற இன்டர்ஃபேஸ்களில் காம்போ ஜாக் இருக்கும். ஒரே ஓட்டைதான். ஆனால் கேனன் பின்னைச் சொருகினால் மைக் ப்ரீஆம்புக்குப் போகும். பி-38 பின்னைச் சொருகினால் லைனுக்குப் போகும். ஓட்டை ஒன்று, வழி இரண்டு. ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டாம் பொருத்தம்: கிரவுண்ட்

கேனன் பின்னில் மூன்று கால். 1 கிரவுண்ட், 2 ஹாட், 3 கோல்டு. ஒரே சிக்னல் இரண்டாவதில் நேராகவும் மூன்றாவதில் தலைகீழாகவும் போகும். வழியில் ஒட்டிக்கொள்கிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டும். வாங்குகிற பக்கத்தில் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் கழித்துவிடும். சிக்னல் நிற்கும், இரைச்சல் போகும். வைவாவில் 'சி.எம்.ஆர்.ஆர். என்றால் என்ன' என்று கேட்டு நம்மை விழிக்க வைப்பார்களே, அதன் உபயோகம் இதுதான். இதற்குப் பெயர் பேலன்ஸ்டு லைன்.

இந்த இடத்தில்தான் எனக்கு இரண்டாவது கண்டம் வந்தது. கசங்கிய இடத்தை ஒட்டிச் சரிசெய்து, நல்ல டேப் டெக் ஒன்றை இரவல் வாங்கி, நண்பனின் இன்டர்ஃபேஸோடு இணைத்தேன். டெக்கின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஸ்டீரியோ பி-38 கேபிளை நேராக லைன் இன்புட்டில் விட்டேன். டேப் ஓடுகிறது. சத்தமே இல்லை! வெறும் "உஸ்ஸ்..." மட்டும் கேட்கிறது. டேப் அழிந்துபோய்விட்டது என்று நினைத்துக் கைகால் உதறிப்போனது.

நடந்தது என்ன? ஸ்டீரியோ பி-38 பார்க்க ஒன்றுதான். ஹெட்போனில் அது இடது, வலது. லைன் இன்புட்டில் அது ஹாட், கோல்டு. இன்டர்ஃபேஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இடதிலிருந்து வலதைக் கழித்தது. தாத்தா கேசட் மோனோ. இடதும் வலதும் ஒன்றே. கழித்தால் பூஜ்யம்தானே! ஸ்டீரியோ பாட்டாக இருந்தால் நடுவில் இருக்கிற பாடகர் குரல் மட்டும் காணாமல் போய், ஓரத்தில் இருக்கிற வாத்தியம் கேட்டிருக்கும். பின்னால் இருக்கிற ஆர்.சி.ஏ. லைன் அவுட்டிலிருந்து இரண்டு மோனோ பி-38 பின்னுக்கு மாற்றியதும் தாத்தா திரும்பி வந்தார்.

ஆனால் அவரோடு ஒரு "ம்ம்ம்..." சத்தமும் வந்தது. இது ஹம். டெக்குக்கு ஒரு எர்த் வழி, லேப்டாப் சார்ஜருக்கு ஒரு எர்த் வழி, நடுவில் கேபிள் ஷீல்டு. மூன்றும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. அதற்குள் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சுற்றுகிறது. இதுதான் கிரவுண்ட் லூப். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். ஹம் நின்றால் லூப்தான். ஹம் 100 ஹெர்ட்ஸாக இருந்தால் கருவியின் ஃபுல் வேவ் ரெக்டிஃபயரை அடுத்த ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துபோயிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

மருந்து என்ன? எல்லாக் கருவிகளுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து கரண்ட் எடுங்கள். கேபிளைக் குறைந்த நீளத்தில் வையுங்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அப்படியும் போகாவிட்டால் நடுவில் 1:1 ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். சிக்னல் காந்தப்புலம் வழியாகத் தாண்டும், கிரவுண்ட் தாண்டாது. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. "மூணாவது பின்னை உடைச்சுட்டா ஹம் போயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போகும், உண்மைதான். ஆனால் என்றைக்காவது கருவிக்குள் லீக்கேஜ் வந்தால் கரண்ட் மைக் பிடித்தவர் உடம்பு வழியாகத்தான் எர்த்துக்குப் போகும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று பாடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். எர்த் பின் உயிருக்கான பின். அதில் கை வைக்கக் கூடாது.

கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேண்டம் வேண்டும். 2, 3 இரண்டு கால்களுக்கும் 6.8 கிலோ ஓம் வழியாகச் சமமாகப் போவதால் நல்ல பேலன்ஸ்டு டைனமிக் மைக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஏதோ ஒரு கன்வெர்ட்டர் பின் போட்டு டேப் டெக்கையோ மொபைலையோ அந்த ஓட்டையில் விட்டிருந்தால் ஃபேண்டம் பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

மூன்றாம் பொருத்தம்: கிளாக்

டிஜிட்டலில் லெவல் தொல்லையும் இல்லை, ஹம் சேர்கிற தொல்லையும் இல்லை. எண் அப்படியே போகும். ஆனால் எண்கள் எந்த நேரத்தில் வருகின்றன என்பதில்தான் வில்லங்கம்.

முக்கியமான வழிகள் மூன்று. ஒன்று எஸ்.பி.டிஃப். சோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்தது. ஆர்.சி.ஏ. பின்னில் 75 ஓம் கேபிள் வழியாகவோ ஃபைபர் வழியாகவோ இரண்டு சானல் போகும். இரண்டாவது ஏ.இ.எஸ்.-3. கேனன் பின், 110 ஓம், தொழில்முறைக்கானது. மூன்றாவது ஏடாட் ஆப்டிகல். ஒரே ஃபைபரில் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சானல் போகும். எஸ்.பி.டிஃப் ஃபைபரும் ஏடாட் ஃபைபரும் பின் ஒன்று, பாஷை வேறு. மாற்றிச் சொருகினால் பேச்சு மூச்சு இருக்காது.

அனலாக்கில் 'பத்து மடங்கு' என்று சொன்னேன். டிஜிட்டலில் அந்தக் கணக்கு செல்லாது. 44.1 கிலோஹெர்ட்ஸில் எஸ்.பி.டிஃப் கேபிளில் ஒரு விநாடிக்கு 28,22,400 பிட் ஓடுகிறது. இது டிரான்ஸ்மிஷன் லைன். கேரக்டரிஸ்டிக் இம்பிடன்ஸ் பொருந்தாவிட்டால் ரிஃப்ளெக்ஷன் வரும். அதனால் சிவப்பு, வெள்ளை ஆடியோ ஒயரைவிட, டி.வி.க்குப் போடுகிற மஞ்சள் வீடியோ ஒயர் இதற்குப் பொருத்தம். அதுதான் 75 ஓம்.

இப்போது கிளாக். போன ஆண்டு விழாவில் ஒரு டிஜிட்டல் மிக்சரின் எஸ்.பி.டிஃப் அவுட்டை இன்டர்ஃபேஸில் விட்டோம். இரண்டும் 44.1-இல்தான் இருந்தன. ஆனாலும் பதிவில் விநாடிக்கு ஒரு "டிக்" சத்தம். காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் தனித்தனி கிறிஸ்டல். இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே, 44,100-இல் அது 0.88 சாம்பிள். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் மிஞ்சும் அல்லது குறையும். அந்த இடத்தில் டிக்!

இதற்கு மருந்து ஒரு வீட்டில் ஒரே கடிகாரம். ஒரு பெட்டி மாஸ்டர், மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும். எஸ்.பி.டிஃப் வழியாகக் கிளாக்கும் சேர்ந்தே வருகிறது. ஆகவே இன்டர்ஃபேஸின் செட்டிங்கில் கிளாக் சோர்ஸை 'இன்டர்னல்' என்பதிலிருந்து 'எஸ்.பி.டிஃப்' என்று மாற்றினோம். அவ்வளவுதான், டிக் நின்றது. பெரிய ஸ்டுடியோக்களில் இதற்கென்றே வேர்டு கிளாக் என்று தனி ஒயர் ஓடும்.

சாம்பிள் ரேட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 48-இல் எடுத்ததை 44.1 என்று நினைத்து ஓட்டினால் வேகம் 8 சதவீதம் குறையும், சுருதியும் இறங்கும். கர்ணன் கும்பகர்ணன் ஆகிவிடுவார்.

கீபோர்டின் பின்னால் இருக்கிற ஐந்து கால் மிடி ஓட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1983-ல் வந்த மிடி வழியாக ஒலி போவதில்லை. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அமுக்கினார்கள் என்ற சேதி மட்டும் விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகும். ஒலி வேண்டுமென்றால் லைன் அவுட்டையும் இணைக்க வேண்டும்.

கடைசியில் கேசட்டை ஏற்றிய முறை

மூன்று பொருத்தமும் பார்த்த பிறகு நாங்கள் செய்தது இது:

1. கேசட்டின் முதுகில் இருக்கிற பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்தோம். தப்பித் தவறி ரெக்கார்டு பட்டன் பட்டாலும் அழியாது.
2. டெக்கின் ஹெட்டையும் ரோலரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தோம்.
3. வேறொரு பழைய சினிமாப்பாட்டுக் கேசட்டைப் போட்டு லெவல், ஹம், இடது வலது எல்லாம் சரிபார்த்தோம். தாத்தா கேசட்டை அதுவரை தொடவே இல்லை.
4. டூ-இன்-ஒன்னில் எடுத்த பதிவு என்பதால் டால்பி பட்டனை ஆஃப் செய்தோம்.
5. ஹெட்டின் சாய்வை அசிமத் திருகால், ஜால்ரா சத்தம் தெளிவாகக் கேட்கும் வரை, நூலளவு திருப்பினோம்.
6. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். உலக அளவில் ஒலி ஆவணக் காப்பகங்கள் பழைய டேப்புகளுக்குப் பின்பற்றுகிற அளவு இது.
7. ஒரே தடவை ஓட்டி எடுத்தோம். இரைச்சல் நீக்குவது எல்லாம் நகலில் மட்டும். மூலத்தை மூன்று பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைத்தோம்.

முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் தனித்தனியாகக் கேட்கின்றன. ஓரத்தில் யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தம்கூடக் கேட்கிறது. பொன்னுருவி இடம் வந்ததும் மட்டும் நல்ல பதிவு நின்றுவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் முதல் நாள் தப்பாக எடுத்த, வெடித்த பதிவைத்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். அம்மா அந்த இடத்தையும் சேர்த்தேதான் கேட்கிறார். "இங்க மட்டும் அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

நண்பர்களே! உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு கேசட் இருக்கலாம். பாட்டியின் தாலாட்டோ ஒப்பாரியோ, ஊர் நாடகமோ, வெளிநாட்டிலிருந்து அப்பா பேசி அனுப்பிய டேப்போ எதுவாகவும் இருக்கலாம். டேப் நமக்காகக் காத்திருக்காது. நன்றாக ஓடுகிற டெக்குகளும் குறைந்துகொண்டே வருகின்றன. சீக்கிரம் எடுத்து வையுங்கள். ஆனால் அவசரப்பட்டுச் சொருகாதீர்கள். லெவல் பாருங்கள், கிரவுண்ட் பாருங்கள், கிளாக் பாருங்கள். அதற்குப் பிறகு பின்னைச் சொருகுங்கள். சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் கம்யூனிகேஷன் லேபுக்கு வாருங்கள். சேர்ந்தே செய்வோம்.